விந்துக்கு 7 சதவீத மருந்துதான் போகிறது என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவருக்கு வயது 34, எச்.ஐ.வி. உள்ளவர். இரண்டு வருஷமாக ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) கொடுக்கும் டி.எல்.டி. மாத்திரை, அதாவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரையைத் தினமும் ஒன்று சாப்பிடுகிறார். ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனையை கடைசியாக எடுத்த இரண்டு முறையும் கிருமி தென்படவில்லை. மனைவிக்கு எச்.ஐ.வி. இல்லை. குழந்தை வேண்டும் என்று இருவருக்கும் ஆசை, டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டார். இதற்கு நடுவில், டோலுடெக்ராவிர் ரத்தத்தில் இருக்கும் அளவில் 7 சதவீதம்தான் விந்துக்குப் போகிறது என்று எங்கோ படித்துவிட்டு, "ரத்தத்தில் இல்லாத கிருமி விந்தில் ஒளிந்திருந்து என் மனைவிக்குப் போய்விடுமோ" என்று தூக்கம் இல்லாமல் இருக்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்த அந்த 7 சதவீதம் உண்மை, ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் சரியில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, வைரல் லோடு கண்டறிய முடியாத நிலையிலேயே இருக்கும்வரை, உடலுறவு மூலம் உங்கள் மனைவிக்கு இது பரவாது. உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். அப்படியானால் அந்த 7 சதவீதத்துக்கு என்னதான் அர்த்தம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பாதி புரிந்த எண் ஒன்று மனதில் தங்கிவிட்டால் வெறும் ஆறுதல் வார்த்தையால் அது போகாது.

விந்து என்றதும் அது முழுக்க விதையிலிருந்து வருகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளியேறும் திரவத்தில் பாதிக்கு மேல் விந்துப் பைகளிலிருந்து வருகிறது, கால்வாசி அளவு புராஸ்டேட் சுரப்பியிலிருந்து. விதையிலிருந்தும் அதன் மேல் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் குழலிலிருந்தும் வருவது மிகச் சிறிய பங்கு, சுமார் 5 முதல் 10 சதவீதம்தான். விந்தணு அந்தச் சிறிய பங்கில்தான் வருகிறது. கிருமியின் கதை வேறு. எச்.ஐ.வி. உள்ள ஆண்கள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு அவர்களுடைய விந்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விதையிலிருந்து வரும் பாதை அடைபட்ட பிறகும் விந்தில் கிருமியின் அளவு பெரிதாகக் குறையவில்லை. விந்தில் வரும் எச்.ஐ.வி.யில் பெரும்பங்கு விதையைத் தாண்டி விந்து வரும் வழியில் உள்ள சுரப்பிகள், குழாய்கள், அங்கே வந்து தங்கும் வெள்ளணுக்கள் ஆகியவற்றிலிருந்து வருகிறது என்பதற்கு இது நல்ல சான்று. (இதனாலேயே, ஆபரேஷன் செய்துகொண்டால் எச்.ஐ.வி. பரவாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.)

மருந்து உள்ளே போவதற்கு இரண்டு விதமான தடை உண்டு. ஒன்று விதைக்கு மட்டும் உள்ள தனிச் சுவர். வளரும் விந்தணுக்களை உடலின் சொந்த நோய் எதிர்ப்புப் படை அந்நியன் என்று நினைத்துத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டி ஒரு மதில் போல நிற்கின்றன. போதாக்குறைக்கு அந்தப் பகுதியில் உள்ள செல்களில் சின்னச் சின்னப் பம்புகள் இருக்கின்றன, தெரியாத ரசாயனம் உள்ளே வந்தால் திருப்பி வெளியே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. பி-கிளைக்கோபுரோட்டீன் என்பது அதில் பெயர் பெற்றது, எச்.ஐ.வி. மருந்துகளில் புரோட்டியேஸ் தடுப்பான் என்ற பிரிவைச் சேர்ந்தவற்றை அது நன்றாகவே வெளியே தள்ளும். விந்துப் பைக்கும் புராஸ்டேட்டுக்கும் இவ்வளவு கெட்டியான மதில் கிடையாது.

இரண்டாவது தடைதான் உங்கள் கேள்விக்கு முக்கியமானது: ரத்தப் புரதம். ரத்தத்தில் மருந்து தனியாக மிதப்பதில்லை, ஒரு பகுதி அல்புமின் போன்ற புரதங்களில் ஒட்டிக்கொண்டு போகிறது. ஒட்டியிருக்கும் மருந்து ரத்தக் குழாயை விட்டு எளிதில் வெளியேறாது, கிருமியைத் தாக்கவும் செய்யாது. ஒட்டாமல் சுதந்திரமாக இருக்கும் மருந்துதான் சுவரைத் தாண்டிப் போகும், வேலையும் செய்யும். டெனோஃபோவிர் கிட்டத்தட்ட ஒட்டுவதே இல்லை, லாமிவுடினும் கொஞ்சம்தான். டோலுடெக்ராவிர் 99 சதவீதம் ஒட்டிக்கொள்ளும் மருந்து. எஃபாவிரென்ஸ் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தும் அப்படியே.

இதை மனதில் வைத்துக்கொண்டு எச்.ஐ.வி. மருந்துகளை வரிசையாகப் பார்த்தால் விஷயம் தானாகவே விளங்கும். லாமிவுடின், எம்ட்ரிசிடபின், ஜிடோவுடின், டெனோஃபோவிர் எல்லாம் பல ஆய்வுகளில் ரத்தத்தைவிட விந்தில் அதிக அளவில், சில சமயம் இரண்டு மூன்று மடங்குக்கும் மேலேகூட இருந்திருக்கின்றன. ரால்டெக்ராவிரும் விந்துக்குத் தாராளமாகப் போகிறது. நெவிரபின் ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் வந்துவிடும். பழைய இண்டினாவிர் மட்டும் அதன் வகையிலேயே விதிவிலக்காக நன்றாகப் போகும். மற்ற புரோட்டியேஸ் தடுப்பான்களில் லோபினாவிர், சக்வினாவிர், ரிட்டோனாவிர் எல்லாம் மிகக் குறைவு, அடாசனாவிரும் தருனாவிரும் அவற்றைவிடக் கொஞ்சம் தேவலை. எஃபாவிரென்ஸ் 10 சதவீதத்துக்குள். ஊசியாகப் போடும் என்ஃபுவிர்டைடு பெரிய மூலக்கூறு, அது விந்தில் ஏறக்குறைய கிடைப்பதே இல்லை. டோலுடெக்ராவிர் நீங்கள் படித்தபடி சுமார் 7 சதவீதம்.

சரி, அந்த 7 சதவீதத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 50 மி.கி. டோலுடெக்ராவிர் தினமும் ஒரு வேளை சாப்பிடுபவருக்கு, அடுத்த மாத்திரை போடுவதற்குச் சற்று முன்பு, அதாவது மருந்து மிகவும் குறைந்திருக்கும் நேரத்தில், ரத்தத்தில் மில்லி லிட்டருக்குச் சராசரியாக 1.1 மைக்ரோகிராம் இருக்கும். அதில் 7 சதவீதம் 0.077. கிருமி பெருகுவதை 90 சதவீதம் அடக்க இந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்று சோதனைக்கூடத்தில் கணக்கிட்ட அளவு 0.064. ஆக, மிகக் குறைந்த நேரத்தில்கூடத் தேவைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கே மருந்துக்கு எதிராகச் சாய்ந்த கணக்கு, ஏனென்றால் 0.064 என்பது ரத்தத்தில் உள்ள அளவு புரதம் இருந்து, மருந்தில் பெரும்பகுதி அதில் ஒட்டிக்கொண்டு வீணாகும் என்று சேர்த்துப் போட்ட எண். விந்துத் திரவத்தில் அல்புமின் ரத்தத்தில் இருப்பதைவிட மிகவும் குறைவு. அங்கே போய்ச் சேர்ந்த மருந்தில் ஒட்டாமல் சுதந்திரமாக இருக்கும் பங்கு ரத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதாவது விந்தில் உள்ள 7 ரூபாயில் நல்ல பங்கு கையில் செலவுக்கு இருக்கும் பணம், ரத்தத்தில் உள்ள 100 ரூபாயில் 99 அடகில் கிடக்கிறது. மொத்தத்தை மொத்தத்தோடு வகுத்து 7 சதவீதம் என்று எழுதும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. எனக்கு இந்த மாதிரி விகிதங்களைத் தனியாக எடுத்துப் போடுவதில் எப்போதும் வருத்தம் உண்டு, எண் சரியாகவே இருக்கும், படிப்பவருக்கு மட்டும் தேவையில்லாத பீதி.

அளக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. ரத்தத்தை எந்த நிமிடத்தில் எடுத்தாலும் அந்த நிமிடத்தின் நிலை தெரிந்துவிடும். விந்து அப்படியல்ல, சுரப்பிகளில் முன்பே சேர்ந்து தங்கியிருந்த திரவம் அது. மாத்திரை போட்டு ரத்தத்தில் மருந்து உச்சத்துக்குப் போகும் நேரமும் விந்தில் உச்சத்துக்குப் போகும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டையும் எடுத்து வகுத்தால், எப்போது எடுத்தோம் என்பதைப் பொறுத்து ஒரே ஆளுக்கே வேறு வேறு விகிதம் வரும். தவிர, டெனோஃபோவிர், லாமிவுடின் போன்றவை திரவத்தில் இருக்கும் வடிவத்தில் வேலை செய்வதில்லை, செல்லுக்குள் போய்ப் பாஸ்பேட் சேர்ந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். அப்படி மாறிய டெனோஃபோவிர் செல்லுக்குள் நாள்கணக்கில் தங்கும். திரவத்தை மட்டும் அளந்தால் அதில் எதுவும் தெரியாது.

இன்னொரு விஷயம், என் பார்வையில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. விந்தில் உள்ள கிருமியை விந்தில் உள்ள மருந்து மட்டும்தான் அடக்க வேண்டும் என்று நாம் கற்பனை செய்கிறோம். அங்கே வரும் கிருமியில் பெரும்பகுதிக்கு ஆதாரம் உடலின் மற்ற இடங்களில் இருந்து வந்து சேரும் வெள்ளணுக்கள்தான். ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் கிருமி பெருகுவது நின்றுவிட்டால், அங்கே போய்ச் சேரும் சரக்கே நின்றுவிடும். ஊற்றை அடைத்த பிறகு வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடும்? விந்துக்குச் சரியாகப் போகாத மருந்துகளைச் சாப்பிட்ட ஆண்களிலும் பெரும்பாலானோருக்கு விந்தில் கிருமி அடங்கிப்போனதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒளிவு மறைவில்லாமல் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1998-ல் அமெரிக்காவில் ஒரு குழு, மருந்தால் ரத்தத்தில் கிருமி தென்படாத ஆண்களின் விந்தில் உள்ள செல்களில் எச்.ஐ.வி.யின் மரபுப் பொருள் இருப்பதைக் காட்டியது. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளிலும், ரத்தத்தில் கண்டறிய முடியாத ஆண்களில் சிலருக்கு விந்தில் அவ்வப்போது கொஞ்சம் கிருமி தென்பட்டிருக்கிறது. சில ஆய்வுகளில் 100 பேரில் 5 பேர் அளவுக்கு, சிலவற்றில் அதைவிட அதிகம். நீங்கள் பயப்படும் "ஒளிந்திருக்கும் கிருமி" கற்பனை இல்லை என்று இதைப் பார்த்து யாரும் சொல்லலாம். ஆனால் பரிசோதனையில் தென்படும் மரபுப் பொருள் எல்லாம் உயிரோடு தொற்றக்கூடிய கிருமி இல்லை, அது உடைந்த துண்டாக இருக்கலாம். பெரும்பாலும் அளவும் குறைவு, அடுத்த முறை பார்த்தால் இருக்காது. இப்படி அவ்வப்போது தென்படும் கிருமி நிஜ வாழ்க்கையில் துணைக்குப் போகிறதா இல்லையா என்பதை ஆயிரக்கணக்கான தம்பதிகளிடம் நேரடியாகவே பார்த்தாகிவிட்டது.

எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு 9 நாடுகளில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 1,763 தம்பதிகளிடம் நடந்தது, அதில் நம் சென்னையும் ஒரு மையம். 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு அதில் பங்கெடுத்தது. உடனே மருந்து ஆரம்பித்தால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் அறிவித்தார்கள். 2016-ல் வந்த இறுதி முடிவில் அது 93 சதவீதம். மீதிச் சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மருந்து ஆரம்பித்தும் துணைக்குப் பரவியது 8 பேரிடமிருந்து. அந்த எட்டுமே மருந்து ஆரம்பித்த புதிதில் கிருமி இன்னும் அடங்காதபோதோ, மருந்து வேலை செய்யாமல் போய் ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தபோதோ நடந்தவை. ரத்தத்தில் கிருமி நன்றாக அடங்கியிருந்த ஒருவரிடமிருந்தும் பரவவில்லை. அந்த ஆய்வில் பெரும்பாலானோர் சாப்பிட்டது ஜிடோவுடின், லாமிவுடின், எஃபாவிரென்ஸ். அதாவது மூன்றாவது மருந்து விந்துக்கு 10 சதவீதத்துக்குள் போகும் எஃபாவிரென்ஸ்தான். அதை வைத்தே இந்த முடிவு.

அப்புறம் ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்து, அவருக்கு மருந்தால் கிருமி அடங்கியிருந்த ஜோடிகளை அதில் பார்த்தார்கள். 2016-ல் வெளிவந்த முதல் கட்டத்தில் 888 தம்பதிகள், ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு. 2019-ல் வந்த இரண்டாம் கட்டத்தில் இருவருமே ஆண்களான 782 ஜோடிகள், சுமார் 76,000 முறை. துணையிடமிருந்து வந்த தொற்று இரண்டிலும் பூஜ்யம். சிலருக்குப் புதிதாக எச்.ஐ.வி. வந்தது உண்மைதான், ஆனால் கிருமியின் மரபு வரிசையை ஒப்பிட்டபோது அது வேறு இடத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. இவர்களில் விந்துக்குச் சரியாகப் போகாத மருந்துகளைச் சாப்பிட்டவர்களும் ஏராளம், வேறு பால்வினை நோய்கள் வந்து போனவர்களும் உண்டு. அவர்களில் சிலருக்கு ஏதோ ஒரு நாள் விந்தில் கொஞ்சம் கிருமி தென்பட்டிருக்கும். அப்படியும் பூஜ்யம். 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: கண்டறிய முடியாத அளவு என்றால் உடலுறவு மூலம் பரவும் வாய்ப்பு பூஜ்யம்.

அப்படியென்றால் எதில்தான் கவனமாக இருக்க வேண்டும்? மருந்து ஆரம்பித்த முதல் 6 மாதம். சிலருக்கு ரத்தத்தில் அடங்கிய பிறகும் விந்தில் அடங்கக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகலாம், மேலே சொன்ன எட்டில் சில தொற்றுகள் நடந்ததும் இந்த ஆரம்ப காலத்தில்தான். நீங்கள் அதைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. அடுத்தது மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிடுவது. விந்துக்குப் போகும் மருந்து ரத்தத்திலிருந்துதான் போகிறது, ரத்தத்தில் குறைந்தால் அங்கேயும் குறையும், ஊற்றும் திறந்துகொள்ளும். ஊருக்குப் போகும்போது மாத்திரையை எடுத்துப் போக மறப்பது, உறவினர் வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பது, இதெல்லாம் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற கதைகள். ஆண்களின் விந்துக்குள் எந்த மருந்து எத்தனை சதவீதம் போகிறது என்ற கவலையைவிட இந்த இரண்டு நாள் நூறு மடங்கு முக்கியம்.

பலர் கவனிக்காத ஒன்று, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளும் வயிற்றுப் புண்ணுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்தும். இவற்றை டோலுடெக்ராவிரோடு சேர்த்துப் போட்டால் வயிற்றிலேயே அதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்துக்குப் போகவிடாது. டி.எல்.டி.யை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ போடுங்கள். கால்சியமும் இரும்பும் மட்டும் என்றால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். இன்னொன்று காசநோய். அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு டோலுடெக்ராவிரைச் சீக்கிரமே கரைத்துவிடும். அதனால்தான் அப்போது கூடுதலாக ஒரு 50 மி.கி. டோலுடெக்ராவிரை 12 மணி நேர இடைவெளியில் தருவார்கள். எதிர்காலத்தில் எப்போதாவது இருமல் வந்து காசநோய் சிகிச்சை ஆரம்பித்தால், இரண்டு இடத்திலும் மற்ற மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

சிறுநீர்ப் பாதையில் எரிச்சலோ சீழோ இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஆப்பிரிக்காவின் மலாவியில் நடந்து 1997-ல் வெளிவந்த ஆய்வில், எச்.ஐ.வி. மருந்து சாப்பிடாத ஆண்களில் சிறுநீர்க் குழாய் அழற்சி இருந்தவர்களுக்கு விந்தில் கிருமி 8 மடங்கு அதிகமாக இருந்தது, அந்த அழற்சிக்கு மருந்து கொடுத்ததும் குறைந்தது. அழற்சி வந்த இடத்துக்கு வெள்ளணுக்கள் கூட்டமாக வரும், அதோடு கிருமியும் வரும். கண்டறிய முடியாத நிலையில் உள்ளவருக்கு இது பரவும் ஆபத்தாக மாறியதாகப் பார்ட்னர் ஆய்வில் காணவில்லை, ஆனாலும் கொனோரியாவும் சிஃபிலிஸும் மனைவிக்கும் வரப்போகும் குழந்தைக்கும் தனியாகவே கெடுதல்.

விதை விஷயம் மட்டும் இன்னும் முடிந்துபோகவில்லை. அந்த மதிலுக்குள் சில செல்களில் கிருமியின் மரபுப் பொருள் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கலாம் என்று திசு ஆய்வுகள் காட்டுகின்றன. அது எச்.ஐ.வி.யை உடலிலிருந்து முழுதாகத் துடைக்க முடியுமா என்று ஆராய்பவர்களுக்குப் பெரிய தலைவலி. உங்கள் மனைவியின் பாதுகாப்பை அது தொடவில்லை, மேலே சொன்ன அத்தனை தம்பதிகளிலும் ஆண்களுக்கு அதே விதைகள்தான் இருந்தன.

இனி குழந்தை. ஒரு காலத்தில் இதற்கு ஒரே வழி விந்தைக் கழுவுவதுதான். இத்தாலியின் மிலானில் டாக்டர் செம்ப்ரினி குழு, விந்தணுவைத் திரவத்திலிருந்தும் வெள்ளணுக்களிலிருந்தும் பிரித்து எடுத்துக் கருப்பையில் செலுத்தும் முறையை 1992-ல் வெளியிட்டது. அந்த நாளில் அது பெரிய வரம். இன்றைக்கு உங்களைப் போல நிலையாக அடங்கியிருப்பவருக்கு அது தேவையில்லை, குழந்தைப்பேறு மையம் எதுவும் இதைக் காட்டி ஆயிரக்கணக்கில் கேட்டால் உங்கள் ஏ.ஆர்.டி. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். விந்தணு எண்ணிக்கையில் வேறு குறை இருந்தால் அது தனிக் கதை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடைசி வைரல் லோடு எடுத்து எத்தனை மாதம் ஆகிறது என்று பாருங்கள், வருஷத்துக்கு ஒரு முறைதான் எடுப்பார்கள் என்பதால் 6 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்று மையத்தில் சொல்லி இன்னொரு முறை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள், ஆற்றுப்படுத்துநரிடம் அவரே நேரடியாகக் கேட்கட்டும். உங்கள் கடிதத்தில் உங்கள் பயம் முழுக்க இருக்கிறது, அவருக்கு என்ன தோன்றுகிறது என்று ஒரு வரிகூட இல்லை. இந்த முடிவில் பாதி அவருடையது. மனதுக்கு நிம்மதியாக இருக்கும் என்றால், முயற்சி செய்யும் மாதங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நம்பிக்கை மையத்தில் அவர் இலவசமாகவே பரிசோதனை செய்துகொள்ளலாம், கர்ப்பமானதும் எப்படியும் எல்லாத் தாய்மார்களுக்கும் செய்யும் பரிசோதனையில் அதுவும் இருக்கும். அப்படியும் அவருக்குப் பயம் விடவில்லை என்றால், கருமுட்டை வெளிவரும் நாட்களில் மட்டும் ஆணுறை இல்லாமல், மற்ற நாட்களில் ஆணுறையோடு என்று ஆரம்பிக்கலாம்.